வழக்கும் பிழையும்

பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'ஏ', 'ஆன்', 'தி' என்பன ஆங்கிலத்தில் 'ஆர்ட்டிகிள்' எனப்படும். இவற்றின் ஆட்சி நாட்டுக்கு நாடு வேறுபடும்.

நோயாளி மருத்துவமனையில் இருப்பதைப் பிரித்தானியர் 'இன் ஹாஸ்பிட்டல்' என்பர். அவரைக் காணச் சென்றவர் அங்கு இருப்பதை 'இன் தி ஹாஸ்பிட்டல்' என்பர். 'தி' என்னும் சிறுசொல்லே நோயாளியையும் பார்வையாளரையும் வேறுபடுத்துகிறது. அமெரிக்கரோ இருவருக்கும் 'தி' சேர்ப்பர். அயர்லாந்தில் நோய்ப்பெயர், மொழிப்பெயர் ஆகியவற்றின் முன்னும் 'தி' வழங்குதல் உண்டு; ஐரிஷ் மொழியின் செல்வாக்கே இதற்குக் காரணம் என்பர்.

இவற்றுள் எதுவும் பிழையன்று. அந்தந்த நாட்டு வழக்கே அங்கு இலக்கணமாகிறது. ஆதலின், ஒரு தொடரைப் பிழையென ஒதுக்குமுன் அஃது எந்நாட்டு வழக்கு என வினவுக. எழுதும்போது ஒரு வழக்கையே சீராகப் பின்பற்றுக.