படகை வாங்கினீர்கள், பெயரை மாற்றினீர்களா?

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் கரைகளில் பழைய விசைப்படகு கைமாறும் விதத்தைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. டீக்கடையில் விலை படிகிறது. மச்சான் ஒருவர் சாட்சி. முத்திரைத்தாளில் நாலு வரி, சில நேரம் அதுவும் கிடையாது. பல லட்சம் ரூபாய் ரொக்கமாகப் போய்ச் சேர்ந்ததும் படகு கடலுக்குக் கிளம்பிவிடுகிறது. மீன்வளத்துறைப் பதிவில் மட்டும் விற்றவர் பெயர் அப்படியே கிடக்கிறது. "நம்ம அண்ணன்தானே, மெதுவா மாத்திக்கலாம்" என்று மூன்று வருடம் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும்.

இலங்கைக் கடற்படையிடம் படகு சிக்கும் அன்றுதான் விஷயம் உறைக்கிறது. ஆட்கள் விடுதலையாகி ஊர் திரும்பினாலும் படகு அங்கேயே நின்றுவிடும். உரிமையாளர் இன்ன தேதியில் ஆவணங்களோடு நேரில் வர வேண்டும் என்று மன்னாரிலோ ஊர்காவற்றுறையிலோ நீதிமன்றம் உத்தரவிடும். வராவிட்டால் படகு அரசுடைமை. பணம் கொடுத்தவர் நீங்கள்தான். ஆனால் அந்த நீதிமன்றம் தேடுவது பதிவுச் சான்றில் பெயர் உள்ளவரை. விற்ற காசில் மகள் கல்யாணத்தை முடித்துவிட்டு வீட்டில் இருப்பவர், உங்களுக்காகப் பாஸ்போர்ட் எடுத்து அந்நிய நாட்டு நீதிமன்றத்தில் போய் நிற்பாரா? 2018-இல் இலங்கை தன் சட்டத்தைத் திருத்தி அபராதத்தைப் பல மடங்கு உயர்த்திய பிறகு, சொந்தப் படகுக்கே போகத் தயங்குகிறார்கள்.

புயல் நிவாரணமும் காப்பீடும் பதிவில் உள்ள பெயரையே தேடிப் போகும். விசைப்படகுக்கு ஆண்டுக்கு 19,000 லிட்டர் வரிவிலக்கு டீசல் உண்டே, அதுவும் அப்படித்தான்.

வாங்கும் முன் படகைச் சோதிப்பது எப்படி? செஸ்னா 172 போன்ற ஒற்றை எஞ்சின் சிறு விமானத்தைப் பழையதாக வாங்குகிறவர், எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற பதிவேட்டைப் புரட்டாமல் விலையே பேசமாட்டார். அந்த வகை எஞ்சின்கள் பலவற்றை 2,000 மணி நேரத்தில் பிரித்துப் புதுப்பிக்கச் சொல்கிறது தயாரித்த நிறுவனம். நம் படகுக்கு அப்படிப் பதிவேடு கிடையாது. அதனால் கண்தான் பதிவேடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் படகு கரையேறியிருக்கும்போது வாங்குங்கள். மிதக்கும் படகின் அடிமரத்தைப் புழு துளைத்திருப்பது தெரியாது. உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள், விற்பவர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம். எஞ்சினில் பொறித்த எண்ணையும் பதிவுச் சான்றில் உள்ள எண்ணையும் ஒப்பிடுங்கள். 240 குதிரைத்திறனுக்கு மேல் எஞ்சின் வைத்த படகும், 24 மீட்டரைத் தாண்டிய படகும் தமிழ்நாட்டு விதிப்படி தொழிலுக்குப் போக முடியாது. மலிவாகக் கிடைக்கிறது என்று அதைத் தலையில் கட்டிக்கொள்ளாதீர்கள்.

இனி அலுவலகம். இதை நிதானமாகப் படியுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே, அந்தப் படகு பதிவாகியுள்ள மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் பதிவு எண்ணோடு போங்கள். உரிமையாளர் யார், வங்கிக் கடன் உண்டா, மானியத்தில் வாங்கியதா, வழக்கோ அபராதமோ நிலுவையில் இருக்கிறதா, இந்த நாலையும் கேளுங்கள். ஆழ்கடல் படகுத் திட்டத்துக்காக ஒப்படைப்பதாகப் பட்டியலில் சேர்ந்த இழுவைப் படகா என்றும் கேளுங்கள். மீன் கம்பெனியில் வாங்கிய முன்பணம் எந்த அலுவலக ஏட்டிலும் இருக்காது. கம்பெனிக்காரரிடமே நேரில் போய், பாக்கி இல்லை என்று எழுதி வாங்குங்கள்.

பெயர் மாற்ற விண்ணப்பம் 'ரியல்கிராஃப்ட்' என்ற இணையதளம் வழியாகப் போகிறது. பழைய பதிவுச் சான்று, விற்பனை ஒப்பந்தம், இருவரின் ஆதார், வாங்குபவரின் மீனவர் அடையாள அட்டை, காப்பீட்டுத் தாள், கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்று எல்லாவற்றையும் தயாராக வையுங்கள். வேறு என்ன தேவை என்பதை அலுவலகத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பணத்தில் ஒரு பங்கைப் பெயர் மாறும்வரை நிறுத்திவையுங்கள். அந்த நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பெயர் மாறாமல் முழுப் பணமும் கொடுக்காதீர்கள்.

"அடுத்த வாரம் வாங்க" என்று அலைக்கழிக்கும் அலுவலர்களும் இருக்கிறார்கள். கடலுக்குப் போகும் நாளை இழந்துவிட்டு வருகிறவனை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவது அநியாயம். விண்ணப்பத்துக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். இழுத்தடித்தால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டத்திலும் மனுவாகக் கொடுங்கள். வாயால் சொன்ன புகாருக்கு எண் கிடையாது.

விற்பவரே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பெயர் மாறாத படகு டோக்கன் இல்லாமல் கடலுக்குப் போனாலும், தடை செய்த வலையோடு பிடிபட்டாலும், நோட்டீஸ் வருவது உங்கள் வீட்டுக்கு.

ஏற்கெனவே வாங்கிப் பெயர் மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இந்த வாரமே விற்றவரைக் கையோடு அழைத்துப் போங்கள். அவர் காலமாகிவிட்டால் வாரிசுச் சான்றிதழ் வேண்டும், வாரிசுகள் அத்தனை பேர் சம்மதமும் வேண்டும். ஒரு மகன் சிங்கப்பூரிலும் ஒரு மகள் தூத்துக்குடியிலுமாக இருப்பார்கள். அந்த வீட்டுப் படியை எத்தனை முறை ஏறி இறங்க வேண்டியிருக்கும் என்று இப்போதே எண்ணிப் பாருங்கள்.