மார்கழி நமக்குச் சுமையல்ல, சுகமே!

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! இவ்வளவு நேரம் பேசியே எங்களை நடுங்க வைத்த எதிரணி நண்பர்களே! பனியையும் பொருட்படுத்தாமல் குடும்பத்தோடு வந்திருக்கிற அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பெருமக்களே! தொலைக்காட்சிக்கு முன்னால் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

"புறநகர் மக்களுக்கு மார்கழியும் தையும் சுகமா, சுமையா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மா கேட்டாங்க: "காலையிலே எழுந்திருக்கவே மனசு வரலை. இருட்டு, பனி, சளி, இருமல். இதிலே எங்கய்யா சுகம்?" நியாயமான கேள்வி. ஆனா ஒண்ணைக் கவனிச்சீங்களா? அந்தக் கேள்வியை அவங்க போர்வைக்குள்ளே இருந்துகிட்டே கேட்டாங்க. நான் சொல்லப்போற சுகத்திலே பாதிக்கு மேலே வாசப்படிக்கு அந்தப் பக்கம் இருக்கு! (சிரிப்பு)

முதல்லே, நமக்கு வருகிற குளிர் எவ்வளவு பெரிய குளிர் என்று பார்ப்போம். நம்ம ஊரிலே தெர்மாமீட்டர் எது தெரியுமா? தேங்காய் எண்ணெய் பாட்டில்! சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையும். காலையிலே பாட்டிலைக் கவிழ்த்து ஒரு தட்டு தட்டுவோம், எண்ணெய் வராது. உடனே, "அடேயப்பா, என்ன குளிரு!"ன்னு மங்கி குல்லாவைத் தேட ஆரம்பிச்சிடுவோம். 24 டிகிரி இருந்தா லண்டன்காரன் சட்டையைக் கழட்டிட்டு பார்க்கிலே படுப்பான்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

விளையாட்டு இருக்கட்டும். குளிரைவிட மனசை அதிகமாக வாட்டுவது வெளிச்சக் குறைவு. 1984ஆம் ஆண்டு அமெரிக்காவிலே நார்மன் ரோசந்தால் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும், குளிர்காலத்தில் மட்டும் வருகிற மனச்சோர்வைப் பற்றி ஆராய்ந்து எழுதினார்கள். அவர் வெயில் அடிக்கிற தென்னாப்பிரிக்காவிலே வளர்ந்தவர். நியூயார்க் போன பிறகு, குளிர்காலம் வந்தாலே தன் உற்சாகம் குறைவதைத் தானே உணர்ந்தவர். அதற்கு அவர்கள் கண்ட சிகிச்சை என்ன? பிரகாசமான விளக்கின் முன்னால் உட்கார வைப்பது! டிசம்பர் கடைசியிலே லண்டனில் பகல் பொழுது 8 மணி நேரம்கூடக் கிடையாது. நார்வே நாட்டிலே டிராம்சோ என்று ஒரு ஊர். நவம்பர் கடைசியிலே போன சூரியன் ஜனவரி நடுவிலேதான் எட்டிப் பார்க்கும். அது வருகிற நாளை, ஜாம் வைத்த பன் சாப்பிட்டுக் கொண்டாடுகிறார்கள். நாம் பொங்கல் வைத்து அதே சூரியனைக் கும்பிடுகிறோம். வித்தியாசம் என்ன? அவர்களுக்கு அது இரண்டு மாதம் லீவிலே போன சூரியன். நமக்கு லீவே போடாத சூரியன்! (கைதட்டல்)

நம்ம ஊர்லே மார்கழியிலும் 11 மணி நேரத்துக்கு மேலே பகல் இருக்கு நடுவர் அவர்களே. இன்னொரு கணக்கு கேளுங்க. நவம்பர் கடைசியிலே சென்னையில் மாலை 5.40 வாக்கிலே சூரியன் மறையும். பொங்கலுக்கு அது கிட்டத்தட்ட 6 மணி. நமக்குத் தெரியாமலேயே சாயங்காலத்துக்கு இருபது நிமிஷம் போனஸ் வந்து சேர்ந்திருக்கு. அந்த இருபது நிமிஷத்துலே பிள்ளைங்க தெருவிலே இன்னும் ரெண்டு ஓவர் ஆடலாம்!

இப்போ வாசலுக்கு வாங்க. விடியற்காலை அஞ்சு மணி. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் டீக்கடையிலே பாய்லர் ஆவி பறக்குது. முதல் ஷிப்டுக்குப் போறவர் ரெண்டு கையாலேயும் கிளாஸைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். சித்திரையிலே அதே டீ வியர்வையோட இறங்கும். மார்கழியிலே அது உள்ளங்கையிலேயே பாதி குடிச்ச மாதிரி! காசு அதேதான், சுகம் ரெட்டிப்பு. கோயில் ஒலிபெருக்கியிலே திருப்பாவை, திருவெம்பாவை. திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயில் பக்கம் போனா கையிலே சுடச்சுட வெண்பொங்கல். வீட்டுக்கு வந்தா மிளகு ரசம், மொச்சைக் குழம்பு, அவிச்ச பனங்கிழங்கு. மின்விசிறி வேகத்தைக் குறைக்கிறோம், ஏ.சி.யை மறக்கிறோம். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வர்ற கரண்ட் பில்லைப் பார்த்து குடும்பத் தலைவர் சிரிக்கிற ஒரே காலம் இதுதான்! (சிரிப்பு)

எதிரணித் தம்பி ஒண்ணு சொன்னார்: "கோலம் போடறவங்க பெண்கள், பச்சைத் தண்ணியிலே கை வைக்கிறவங்க பெண்கள், ரசிக்கிறது மட்டும் ஆண்கள்." உண்மை. ஒருத்தர் முதுகிலே ஏறி உட்கார்ற சுகம் சுகமே இல்லை. அதனாலே வீட்டு ஆண்கள் வாசல் தெளிச்சு, காபி போட்டு வையுங்க. இட்லி மாவு பொங்கலைன்னு மனைவியைக் கோபிக்காதீங்க. குளிருக்கு மாவுக்கே எழுந்திருக்க மனசு வரலை! (பலத்த சிரிப்பு)

இன்னொருத்தர் மார்கழிக் காலையிலே ஓசோன் இறங்கி வருதுன்னு சொல்வார். ஓசோன் மேலேயே இருக்கட்டும். தரைக்கு வந்தா அது நுரையீரலுக்கு நல்லதில்லை. காலை வெளிச்சம் நம்ம உடம்புக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்குது, ராத்திரி தூக்கம் ஒழுங்கா வருது. அந்த உண்மை ஒண்ணே போதும். ஆஸ்துமா உள்ளவங்க வெயில் ஏறின பிறகு வாங்க. போகியிலே டயர் கொளுத்தி அவங்க மூச்சை நாம நிறுத்த வேண்டாம்.

இனி மனசைத் தொடுகிற விஷயத்துக்கு வருகிறேன். "டிசம்பர் என்றாலே எங்களுக்கு வெள்ள பயம்"னு எதிரணித் தலைவர் சொன்னார். அதை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். 2015 டிசம்பரிலே செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது, அடையாற்றங்கரை மூழ்கியது. 2023 டிசம்பரிலே மிக்ஜாம் புயல், அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள்ளேயே தண்ணீர். இயந்திரம் மூழ்கின பட்டறைக்காரரிடம் போய் "சந்தோஷமா இருங்க"ன்னு சொல்ல எனக்கு என்ன உரிமை?

ஆனா இதையும் நினைச்சுப் பாருங்க. 2019 கோடையிலே புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு போச்சு. ஜூலை 12ஆம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களிலே 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்தது. எங்கே வந்தது? நம்ம அம்பத்தூருக்கு மூணு ஸ்டேஷன் தள்ளி, வில்லிவாக்கத்துக்கு! அந்த நாளைப் பார்த்தவங்க, மார்கழியிலே நிறைஞ்ச ஏரியைப் பார்த்தா சும்மா கடந்து போக மாட்டாங்க. ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையிலே ஒருநாள் காலையிலே குழந்தைகளோட நடந்து பாருங்க. தண்ணிமேலே பனி, நடுவிலே பறவைங்க. அந்தத் தண்ணி, வரப்போற சித்திரையிலே நிலத்தடியிலே நமக்கு இருக்கும் சேமிப்புக் கணக்கு!

வெள்ளத்திலே நம்மைக் காப்பாத்தினது எது? படகு வந்தது, அதிகாரிகள் வந்தாங்க. அதுக்கு முன்னாலே யார் வந்தா? பக்கத்து வீடு! எங்க தெருவிலே 2023லே முழங்கால் அளவு தண்ணி. எந்த வீட்டிலே பாட்டி தனியா இருக்காங்க, எந்த வீட்டிலே கைக்குழந்தை இருக்கு, முதல்லே எந்தக் கதவைத் தட்டணும்? ஆபீஸ் போய் வந்துகிட்டிருந்த ஆண்களுக்குத் தெரியலை. மார்கழி மார்கழியா கோலப்பொடி கடன் வாங்கின பெண்களுக்குத் தெரிஞ்சிருந்தது! எதிர்வீட்டு வாசலிலே ஒருநாள் கோலம் இல்லைன்னா, "என்னாச்சு, உடம்பு சரியில்லையா?"ன்னு கதவைத் தட்டுகிற பழக்கம் இருக்கே, அதுதான் அன்னைக்கு உயிரைக் காப்பாத்துச்சு. (நீண்ட கைதட்டல்)

ஆகவே நடுவர் அவர்களே, மார்கழியின் சின்னச் சின்ன சந்தோஷங்கள் பொழுதுபோக்கு அல்ல. ஒரு டீ, ஒரு கோலம், ஒரு கிண்ணம் பொங்கல், "குளிர் ஜாஸ்திதான் இல்லே?" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை. இவையெல்லாம் துன்பத்தை மறக்கச் சொல்லவில்லை. துன்பம் வந்தால் தனியாக நிற்கவேண்டாம் என்று ஏற்பாடு செய்து வைக்கின்றன.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். துளைக்கட்டும். மனிதனுக்கு மனிதன் நெருங்கி நின்றால் எந்தப் பனி உள்ளே நுழையும்? நாளைக் காலை போர்வையை விலக்குங்கள், கதவைத் திறங்கள், எதிர்வீட்டைப் பார்த்து ஒரு புன்னகை செய்யுங்கள். புறநகர் மக்களுக்கு மார்கழி சுகமே, சுகமே என்ற தீர்ப்பைத் தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.