மென்ட்செலின் பட்டைப் பென்சில்

பென்சிலால் வரைந்த முகம் ஒன்றை யாராவது காட்டினால், நம் வாயில் முதலில் வருவது ‘அச்சு அசல் போட்டோ மாதிரியே இருக்கே!’ என்பதுதான். மனதாரத்தான் சொல்கிறோம். ஆனால் அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது: முடி முடியாக, சுருக்கம் சுருக்கமாக எவ்வளவு கூடுதலாக வரைகிறாரோ, அவ்வளவு தேறிவிட்டார் என்ற கணக்கு. அது சரிதானா என்று பார்க்க, எழுபது ஆண்டுகளுக்கு மேல் வரைந்துகொண்டே இருந்த ஒருவரோடு கொஞ்ச தூரம் நடப்போம். டீ ஆறுவதற்குள் வந்துவிடலாம்.

அடால்ஃப் மென்ட்செல், 1815-இல் பிரெஸ்லாவில் பிறந்தவர். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. அப்பாவுக்குக் கல்லச்சுப் பட்டறை. குடும்பம் பெர்லினுக்குக் குடிபெயர்ந்த சில காலத்தில், 1832-இல் அப்பா இறந்துபோக, பதினாறு வயதுப் பையன் தலையில் பட்டறையும் வீடும் விழுந்தன. கலைப் பள்ளிக்குக் கொஞ்ச நாள் போனார், ஒட்டவில்லை. ஆள் உயரம் நாலரை அடிதான். ஆனால் கோட்டுப் பைகளில் நோட்டும் பென்சிலும் இல்லாமல் வெளியே கிளம்பமாட்டார்.

அவர் கையிலிருந்த பொருளை முதலில் பார்த்துவிடுவோம். பென்சிலுக்குள் இருப்பது ஈயமில்லை. கிராஃபைட் என்னும் ஒருவகைக் கரி. போரினால் இங்கிலாந்து கிராஃபைட் வராமல் போனபோது, 1795-இல் பிரான்சின் கோன்டே என்பவர் கிராஃபைட் பொடியைக் களிமண்ணோடு பிசைந்து சூளையில் சுட்டார். இதை நம் தோசை மாவாக நினைத்துக்கொள்ளலாம். அரிசி கூடினால் முறுகும், உளுந்து கூடினால் மெத்தென்று வரும். களிமண் கூடினால் பென்சில் கடினமாகி, மெல்லிய வெளிறிய கோடு விழும். கிராஃபைட் கூடினால் மிருதுவாகி, கறுப்பாகப் படியும்.

இளம் மென்ட்செலின் கோடு கூர்மையானது. அதற்கு அவருடைய குணம் மட்டும் காரணமில்லை, தொழிலும் காரணம். பிரஷ்ய மன்னர் பிரெடெரிக்கின் வரலாற்றைக் குக்ளர் என்பவர் எழுத, 1840 முதல் 1842 வரை வெளிவந்த அந்த நூலுக்குச் சுமார் 400 படங்கள் போட்டுக் கொடுத்தார். எல்லாம் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட வேண்டியவை. கட்டையில் ஓரிடத்தில் மை படும், அல்லது படாது. நடுவில் சாம்பல் நிறம் என்று ஒன்றுமே கிடையாது. நிழல் வேண்டுமென்றால் கோடுகளை நெருக்கிப் போட வேண்டும். செதுக்குபவர் ஒவ்வொரு கோட்டையும் விட்டுவிட்டுச் சுற்றியுள்ள மரத்தை வெட்டி எடுப்பார். அதனால் சட்டைப் பொத்தான், பெல்ட் கொக்கி, பொய்முடியின் சுருள் எல்லாவற்றையும் கோட்டாலேயே சொல்லப் பழகினார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதை ஒட்டி இருக்கும்.

நம் கணக்குப்படி, அடுத்த அறுபது ஆண்டுகளில் அந்தக் கோடு இன்னும் மெலிந்து, இன்னும் நுணுக்கமாகியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. தச்சு ஆசாரிகள் காதில் செருகியிருப்பார்களே, அந்தப் பட்டைப் பென்சிலுக்கு மாறினார். அதன் பட்டைப் பக்கத்தைச் சாய்த்து இழுத்தால் அகலமான மெல்லிய கறுப்பு விழும். விளிம்பைத் திருப்பினால் கோடு வரும். கூடவே ஷேடிங் ஸ்டம்ப். தாளை இறுகச் சுருட்டிச் செய்த குச்சி அது. அதனால் தேய்த்தால் பென்சில் தூள் பரவி, கோடு இருந்த இடத்தில் நிழல் மட்டும் நிற்கும்.

நாம் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். முகத்தைச் சுற்றி ‘அவுட்லைன்’ இருக்கிறது என்று நம்புகிறோம். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரைக் கொஞ்ச நேரம் பாருங்கள். வெளிச்சம் விழும் கன்னம் வெள்ளைச் சுவரில் கரைகிறது. இருட்டுப் பக்கத்துக் காது தலைமுடியோடு ஒன்றாகிவிடுகிறது. எங்கேயும் கோடு இல்லை. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் ஓரங்கள்தான் இருக்கின்றன. சில ஓரங்கள் கறார், பல ஓரங்கள் மங்கல். நம் கண்ணும் ஒரு நேரத்தில் சின்ன இடத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். மூக்கை உற்றுப் பார்க்கும்போது தோள்பட்டை மங்கிவிடும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே கூர்மையோடு வரைந்த படத்தை ‘யதார்த்தம்’ என்று நான் சொல்லமாட்டேன். அது கணக்கெடுப்பு.

மென்ட்செல் பிற்காலத்தில் வரைந்த முதியவர்களின் தலைகளைப் பார்த்தால் இது விளங்கும். இமையும் மூக்கின் ஓரமும் அழுத்தமாக இருக்கும். தாடி ஒரு தேய்ப்பு. தோள் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். வயதாகிக் கை தளர்ந்துவிட்டது என்று இதற்குக் காரணம் சொல்ல முடியாது, ஏனென்றால் வேண்டிய இடத்தில் கோடு இன்னும் கூர்மையாகத்தான் விழுகிறது.

வரைய எடுத்துக்கொண்ட விஷயங்களும் அவரை இந்தப் பக்கம் தள்ளின. 1872 முதல் 1875 வரை வரைந்த ‘இரும்பு உருட்டாலை’ என்ற பெரிய எண்ணெய் ஓவியத்துக்காக, கோனிக்ஸ்ஹுட்டே என்ற ஊரின் இரும்பாலையில் தொழிலாளர்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். ஆயத்தப் படங்கள் மட்டும் நூற்றுக்கும் மேல். பழுத்த இரும்பை இடுக்கியால் இழுப்பவன் நமக்காக நிற்கமாட்டான். புகைக்கும் தணலின் ஒளிக்கும் ஏது அவுட்லைன்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாரிசில் புகைப்படக் கலை அறிவிக்கப்பட்ட ஆண்டு 1839. அதாவது மென்ட்செலின் தொழில் வாழ்க்கையில் பெரும்பகுதி கேமராவுக்குப் பிந்தையது. போட்டோ என்றால் என்ன என்று நன்றாகத் தெரிந்தவர்தான், 1905-இல் கண்மூடும்வரை இப்படி வரைந்தார்.

அவர் வரைந்தவற்றில் பல ஆயிரம் தாள்கள் பெர்லின் அரசு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டாலும், ஹார்டுவேர் கடையில் ஒரு பட்டைப் பென்சில் வாங்கலாம். வீட்டில் யாராவது பேப்பர் படிக்கும்போது, அவுட்லைன் போடாமல் நிழலை மட்டும் இழுத்துப் பாருங்கள். ரப்பரைத் தொடாதீர்கள்.