உமை யாரைப் பார்க்கிறாள்?

கல்லில் ஒரு குடும்பம் – 9

கார்த்திகை தீபத்தன்று மாலையில் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் சனமெல்லாம் மலையுச்சியைப் பார்த்தபடி நிற்கும். அந்த நேரத்தில் அண்ணாமலையார் கோயிலுக்குள், சிவனும் உமையும் ஓருருவான அர்த்தநாரீஸ்வரர் ஓட்டமாக வெளியே வந்து, சில நிமிடமே காட்சி தந்து திரும்புவார். மலைமேல் தீபம் ஏறிவிடும்.

தை பிறந்தால் இதே தம்பதிக்குள் சண்டை. மாட்டுப் பொங்கலன்று திருவூடல் தெருவில் இருவரும் ஊடுகிறார்கள். சிவனை மட்டுமே வணங்குவேன் என்ற பிருங்கி முனிவர்தான் காரணம். உண்ணாமுலை அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குத் திரும்பிவிட, அண்ணாமலையார் தனியே கிரிவலம் போய் வந்த பிறகுதான் சமாதானம்.

ஊடலையும் கூடலையும் ஊரே நடத்திப் பார்க்கிறது. கல்தச்சனுக்கோ ஓட்டமும் இல்லை, தெருவும் இல்லை. தம்பதியின் நெருக்கத்தை அவன் அமர்த்தும் விதத்திலும் முகம் திருப்பும் விதத்திலும்தான் சொல்லியாக வேண்டும்.

நம் மாவட்டத்திலேயே தொடங்கலாம். தேசூர் பக்கம் சீயமங்கலத்தில், 7ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் இருக்கிறது. அதன் அரைத்தூண் ஒன்றில் சிவன் ஆடுகிறார். இன்னொன்றில் காளை உடனிருக்க, உமையோடு நிற்கிறார். ஆடல் சிற்பத்தைத் தேடிப் போகிறவர்கள் இந்த ஜோடியைக் கவனிக்காமல் திரும்பிவிடுகிறார்கள்.

சுமார் 700இல் ஆண்ட பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தில் தம்பதி கருவறைக்குள்ளேயே குடியேறினர். மாமல்லபுரம் கடற்கரைக் கோயில், காஞ்சி கைலாசநாதர், விழுப்புரம் பக்கத்துப் பனமலை ஆகிய மூன்றிலும் லிங்கத்துக்குப் பின்சுவரில் சோமாஸ்கந்தர் புடைப்புச் சிற்பம் உண்டு. சிவன் நம்மை நோக்கி அமர்ந்திருக்க, உமை மடியில் முருகனை வைத்துக்கொண்டு பக்கவாட்டில், கணவர் பக்கமாகத் திரும்பியிருப்பாள். பின்னால் பிரம்மாவும் திருமாலும். அது வீட்டுக்குள் நடக்கும் காட்சி. நாம் வாசலில் நின்று பார்க்கிறோம்.

சோழர் காலத்தில் இதே குடும்பம் செப்புத் திருமேனியாகித் தெருவுக்கு வந்தது. முருகன் மடியை விட்டிறங்கி நடுவே நின்றுகொண்டான். உமையும் நேராகத் திரும்பிவிட்டாள். பல்லக்கிலும் தேரிலும் எழுந்தருள வேண்டியவள் தெருவில் நிற்கும் பக்தரைத்தானே பார்க்க வேண்டும்? கழி கோர்ப்பதற்காகப் பீடத்தில் விட்டிருக்கும் துளைகளும் வளையங்களும் இந்த மாற்றத்துக்குச் சாட்சி என்பேன்.

காலத்தால் பிந்திய செப்புத் திருமேனிகளுக்குக் கண்காட்சி, புத்தகம், உலகப் புகழ் எல்லாம் கிடைத்துவிட்டன. மூத்த கல் தம்பதியோ லிங்கத்துக்குப் பின்னே அரையிருட்டில் இருக்கிறார்கள். அடுத்த முறை பல்லவர் கோயிலுக்குப் போனால், கற்பூரம் காட்டும்போது லிங்கத்தோடு நிறுத்திவிடாமல் பின்சுவரையும் பாருங்கள். உமை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறாள் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் சரியாகச் சொல்வார்கள்.

(அடுத்த இதழில்: கங்கைகொண்ட சோழபுரத்தில் சண்டேசருக்கு முடிசூட்டும் சிவன், அருகே உமை)