அடுத்தவரின் புகையிலிருந்து எம்மைக் காத்த சட்டம்

புலம்பெயர்ந்து ஜேர்மனிக்கு வந்த எம்மவர்களில் பலருக்கு முதல் வேலை கிடைத்தது உணவகச் சமையலறைகளிலும் மதுச்சாலைகளிலும்தான். பாத்திரம் கழுவியும் மரக்கறி வெட்டியும் மேசை துடைத்தும் குடும்பங்களைக் கரைசேர்த்தவர்கள் அவர்கள். அந்த நாட்களில் அவ்விடங்களில் புகை மண்டலம் ஒரு சாதாரண விடயம். சிகரட்டையே தொடாதவர்கள்கூட நாளொன்றுக்கு எட்டு, பத்து மணித்தியாலம் அடுத்தவரின் புகையைச் சுவாசித்தார்கள். இன்று நாம் பிள்ளைகளுடன் உணவகத்துக்குச் சென்று நல்ல காற்றில் சாப்பிட முடிகிறது என்றால், அந்த மாற்றம் தானாக வந்ததல்ல. அதற்குப் பின்னால் ஒரு சட்டப் போராட்டம் உண்டு.

புகை என்ன செய்கிறது?

சிகரட் புகையில் ஆயிரக்கணக்கான இரசாயனப் பொருட்கள் உள்ளன. அவற்றில் சுமார் 70 புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. பக்கத்தில் இருப்பவர் சுவாசிக்கும் புகையும் இதே நஞ்சுதான். அது இரத்தக் குழாய்களைப் பாதித்து மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய் ஆகியவற்றுக்கான ஆபத்தைக் கூட்டுகிறது. சிறுபிள்ளைகளுக்கு ஆஸ்துமாவும் காதுக்குள் அழற்சியும் அடிக்கடி வருவதற்கு இது ஒரு காரணம். கைக்குழந்தைகள் தூக்கத்திலேயே திடீரென இறக்கும் ஆபத்தும் கூடுகிறது. நீரிழிவும் இதய நோயும் எம்மவரிடையே அதிகம் என்பது நாம் அறிந்ததே. அதனுடன் புகையும் சேர்ந்தால் ஆபத்து மேலும் கூடுகிறது.

ஹைடெல்பேர்க் நகரிலுள்ள ஜேர்மன் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2005ஆம் ஆண்டு ஓர் அறிக்கையை வெளியிட்டது. அடுத்தவரின் புகையால் இந்நாட்டில் ஆண்டுக்கு சுமார் 3,300 பேர் உயிரிழக்கிறார்கள் என்று அது கணக்கிட்டது. இவர்கள் புகைபிடிக்காதவர்கள்.

பின்தங்கி நின்ற ஜேர்மனி

அயர்லாந்து 2004 மார்ச்சிலேயே மதுச்சாலைகளிலும் உணவகங்களிலும் புகைத்தலைத் தடைசெய்துவிட்டது. நோர்வேயும் இத்தாலியும் பின்தொடர்ந்தன. ஜேர்மனியோ புகையிலை விளம்பரத்துக்கு எதிரான ஐரோப்பிய விதியையே எதிர்த்து வழக்காடிக்கொண்டிருந்தது. 2006 டிசம்பரில் அவ்வழக்கில் தோற்றது. வேலைத்தலங்களில் புகைபிடிக்காதவர்களைப் பாதுகாக்கும் விதி 2002இலேயே வந்திருந்தது. ஆனால் வாடிக்கையாளர் வந்துபோகும் இடங்களில் தொழிலின் தன்மை அனுமதிக்கும் அளவுக்கே பாதுகாப்பு என்று அதில் ஒரு விலக்கு இருந்தது. எனவே அலுவலகத்தில் இருந்தவருக்குக் கிடைத்த பாதுகாப்பு, மதுச்சாலையில் நின்று வேலை செய்தவருக்குக் கிடைக்கவில்லை.

லோதார் பின்டிங்கின் முயற்சி

இந்த நிலையை மாற்ற முன்வந்தவர்களில் முக்கியமானவர் ஹைடெல்பேர்க் தொகுதியைச் சேர்ந்த சமூக ஜனநாயகக் கட்சி உறுப்பினர் லோதார் பின்டிங். மின்சாரத் தொழில் பழகி, பின்னர் கணிதமும் பௌதிகமும் படித்தவர். 1998 முதல் 2021 வரை ஜேர்மன் பாராளுமன்றமான புண்டெஸ்டாக்கில் இருந்தார். நிதி விடயங்களே அவரது துறை. சுகாதார அமைச்சராக அவர் ஒருபோதும் இருந்ததில்லை.

2006இல் அவர் தனது கட்சியின் முடிவுக்காகக் காத்திராமல், மற்றக் கட்சி உறுப்பினர்களையும் நாடினார். பொது இடங்களிலும் உணவகங்களிலும் புகைத்தலைத் தடுக்கும் முன்மொழிவுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் ஆதரவு சேர்ந்தது. ஆனால் அதே ஆண்டு நடந்த அரசியலமைப்பு மாற்றத்தால் உணவகங்களுக்கான சட்டம் இயற்றும் அதிகாரம் மாநிலங்களின் கைக்குப் போயிருந்தது. மத்திய அரசுக்கு அதில் அதிகாரமில்லை என்று கூறி உணவகப் பகுதி கைவிடப்பட்டது.

இருந்தும் முயற்சி வீண்போகவில்லை. 2007 மே மாதம் புண்டெஸ்டாக் நிறைவேற்றிய சட்டம் அவ்வாண்டு செப்டெம்பர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசுக் கட்டடங்கள், தொடருந்துகள், பேருந்துகள், வாடகைக் கார்கள், தொடருந்து நிலையங்கள் ஆகியவற்றில் புகைத்தல் தடைசெய்யப்பட்டது. நிலையங்களில் அதற்கென ஒதுக்கிய இடங்களுக்கு விலக்கு உண்டு. சிகரட் வாங்கும் வயதும் 16இலிருந்து 18 ஆனது.

மாநிலங்கள் செய்தது

2007, 2008ஆம் ஆண்டுகளில் மாநிலங்கள் ஒவ்வொன்றாக உணவகச் சட்டங்களைக் கொண்டுவந்தன. சிறிய மதுச்சாலை உரிமையாளர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2008 ஜூலை 30இல் மத்திய அரசியலமைப்பு நீதிமன்றம், பெரிய கடைகளுக்கு மட்டும் விலக்கு அளித்துச் சிறியவர்களை ஒதுக்குவது நீதியல்ல என்றது. அதே தீர்ப்பில், விலக்கே இல்லாத முழுத் தடையை விதிக்கவும் சட்டமன்றங்களுக்கு உரிமை உண்டு என்றும் கூறியது.

பவேரியாவில் மக்களே முடிவெடுத்தார்கள். அரசு தடையைத் தளர்த்தியபோது சுமார் 13 இலட்சம் பேர் கையொப்பமிட்டு வாக்கெடுப்பைக் கோரினார்கள். 2010 ஜூலை 4இல் வாக்களித்தவர்களில் 61 வீதமானோர் முழுத் தடைக்கு ஆதரவளித்தனர். எம்மவர் அதிகம் வாழும் நோர்ட்றைன் வெஸ்ட்பாலியா மாநிலம் 2013 மே 1இல் விலக்குகளை நீக்கியது.

பலன் விரைவிலேயே தெரிந்தது. டாக் காப்புறுதி நிறுவனம் தன்னிடம் பதிந்துள்ள பல இலட்சம் பேரின் தரவுகளை ஆராயச் செய்து 2012இல் முடிவை வெளியிட்டது. தடைக்குப் பின் மாரடைப்புக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் சுமார் 8 வீதமும், இதய வலிக்காகச் சேர்ந்தவர்கள் சுமார் 13 வீதமும் குறைந்திருந்தார்கள்.

தாயகத்திலும் இலங்கை 2006இல் மூடிய பொது இடங்களில் புகைத்தலைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. இந்தியாவில் சுகாதார அமைச்சராக இருந்த தமிழர் அன்புமணி ராமதாஸின் காலத்தில், 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத் தடை நடைமுறைக்கு வந்தது.

சட்டம் நுழையாத இடங்கள்

எமது வீட்டுக்குள் சட்டம் வராது. பிள்ளைகள் இருக்கும் காரில் புகைப்பதைத் தடுக்க மாநிலங்கள் அவை 2019இலும் 2022இலும் முன்மொழிந்தது. இரண்டு முறையும் அது சட்டமாகவில்லை. எனவே இங்கே பொறுப்பு எம்முடையது.

• வீட்டிலும் காரிலும் புகைப்பதை முற்றாகத் தவிர்ப்போம். யன்னலைத் திறந்துவிட்டால் போதும் என்பது தவறான எண்ணம்.

• பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, திருமண மண்டபங்களின் வாசலில் கூடிநின்று புகைப்பதை விடுப்போம். பிள்ளைகள் ஓடித்திரியும் வாசல் அதுதான்.

• ஷீஷா தீங்கற்றது என்று எம் இளைஞர்கள் சிலர் நினைக்கிறார்கள். அதிலும் நஞ்சுப் புகை உண்டு. கரி எரிவதால் வரும் கார்பன் மொனொக்சைட்டு மயக்கத்தையும் சிலவேளை உயிராபத்தையும் தரும்.

• வேலைத்தலத்தில் புகை தொல்லை தந்தால் முதலாளியிடம் பாதுகாப்புக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கர்ப்பிணிகள் வைத்தியரிடமும் உடனே கூறவேண்டும்.

• புகைப்பதை நிறுத்த விரும்புவோர் குடும்ப வைத்தியரை நாடலாம். நிறுத்தும் பயிற்சி வகுப்புகளின் செலவில் ஒரு பகுதியை சுகாதாரக் காப்புறுதிகள் ஏற்பதுண்டு.

இன்னுமொன்றையும் சொல்ல வேண்டும். பாராளுமன்ற உறுப்பினர்களைத் தொகுதி அலுவலகத்தில் சந்திக்கலாம், கடிதமும் எழுதலாம். ஜேர்மன் அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு மனுக்கொடுக்கும் உரிமையை இங்கு வாழும் எல்லோருக்கும் தருகிறது. அதற்குக் குடியுரிமை தேவையில்லை. பிள்ளைகள் இருக்கும் காரில் புகைப்பது இனியாவது நிற்க வேண்டும் என்று நீங்கள் கருதினால், உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள். ஜேர்மன் மொழி கடினமென்றால் பிள்ளைகளின் துணையோடு எழுதுங்கள். எமது நலனுக்காக நாமும் குரல் கொடுப்போம்.