சைக்கிளும் ஒரு கூத்துத்தான்

மலையகத் தோட்டங்களிலே காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்று எமக்கென்றே கூத்துக்கள் உண்டு. தப்புச் சத்தம் கேட்டால் லயத்தில் எவரும் உள்ளே இருப்பதில்லை. சைக்கிளை வைத்தும் ஒரு கூத்து ஆடலாம். அப்படி ஆடியே ஒரு மாவட்டத்துப் பெண்கள் ஊர் எல்லையைத் தாண்டிப் போகப் பழகிக் கொண்டார்கள். இது நடந்தது வேறெங்குமல்ல, எமது பூட்டன் பூட்டிமார் பலர் கடல் கடந்து புறப்பட்டு வந்த புதுக்கோட்டைச் சீமையில்தான்.

புதுக்கோட்டை 1948 வரை மன்னராட்சிக்கு உட்பட்டிருந்த சமஸ்தானம். 1974இல் தமிழ்நாட்டின் தனி மாவட்டமாயிற்று. வானம் பார்த்த பூமி. கல்லுடைத்தும் கூலி வேலை செய்தும் பிழைப்போர் அங்கு அதிகம். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் என்ற பெயரில் முதியோருக்கு எழுத்தறிவிக்கும் வேலை தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக (எமது அரசாங்க அதிபரைப் போன்ற பதவி) இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. தொண்டர்கள் ஊர் ஊராகச் சென்று வீதி நாடகம், பாட்டு, கும்மி என்று நடத்தி மக்களைச் சேர்த்தார்கள். இதனைக் கலைப்பயணம் என்பார்கள். படிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுந்தது. கற்பிக்கும் பெண் ஒருத்தி மாலையில் அடுத்த ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டும். பஸ்ஸோ நினைத்த நேரத்தில் வருவதில்லை. தந்தையோ அண்ணனோ கணவனோ கொண்டுபோய் விட்டால்தான் உண்டு. ஆகவே எழுத்தோடு சைக்கிளும் பாடமாக்கப்பட்டது. பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்கும்படி ஆட்சியர் வங்கிகளை வற்புறுத்தினார்.

ஆனால் கடன் கிடைத்தாலும் வெட்கம் போகுமா? சேலை கட்டிய பெண் காலைத் தூக்கிப் போட்டுச் சைக்கிளில் ஏறுவதா என்று ஊர் பேசியது. கேலிச் சொற்களும் குறைவில்லாமல் விழுந்தன. இந்த வெட்கத்தைத் தனியாக ஒருத்தியால் உடைக்க முடியாது. ஒளித்துப் பழகுகிறவள் ஒருநாள் விழுந்தால், அதைப் பார்த்த ஒருவர் பத்துப் பேரிடம் சொல்வார். அத்தோடு அவள் சைக்கிளைத் தொட மாட்டாள். நூறு பேர் திடலில் கூடிப் பழகும்போது விழுவதும் விளையாட்டின் பகுதியாகி விடுகிறது. சிரிப்பவரும் அடுத்ததாக ஏறக் காத்திருப்பவர்தானே! புதுக்கோட்டையில் பயிற்சியையே திருவிழாவாக்கியதன் பொருள் இதுதான் என்பது எமது எண்ணம்.

1992இல் அனைத்துலகப் பெண்கள் தினத்தன்று 1,500க்கு மேற்பட்ட பெண்கள் கைபிடியில் கொடி கட்டி, மணியை அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் ஊர்வலமாக வந்தார்கள். நகரம் வாயடைத்து நின்றது. ஊர்களில் நடந்த காட்சிப் போட்டிகளில் 70,000க்கு மேற்பட்டோர் சபை முன்னே சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள். பழகிய பெண்களின் தொகை ஒரு இலட்சத்தைத் தாண்டியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996இல் வெளிவந்த தமது நூலில் எழுதியிருக்கிறார். இயக்கத்துக்கென ஒரு சைக்கிள் பாட்டும் பிறந்து, ஊர் ஊராய்ப் பரவிற்று. அதை எழுதியவர் முத்துபாஸ்கரன் என்ற ஆண் தொண்டர். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

சைக்கிள் வித்தை அந்த மக்களுக்குப் புதிதல்ல. ஊர்த் திடலின் நடுவே கம்பம் நட்டு, ஒலிபெருக்கி கட்டி, ஒருவர் நாட்கணக்கில் இறங்காமலே சுற்றி வருவார். சாப்பாடும் குளிப்பும் சைக்கிளிலேதான். இரவில் சினிமாப் பாட்டுக்கு ஆட்டமும் உண்டு. பார்ப்பவர்கள் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்தி விடுவார்கள். கேரளத்தில் இதற்குச் சைக்கிள் யக்ஞம் என்றே பெயர். அந்தக் கூத்தில் ஆண் ஓட்டினான், பெண்கள் நின்று பார்த்தார்கள். புதுக்கோட்டையில் நின்று பார்த்தவர்களே ஏறி ஓட்டினார்கள். ஜேர்மனியில் பாட்டிசைக்கேற்பச் சைக்கிள் மேல் நின்றும் தலைகீழாயும் ஆடுவது ஒரு விளையாட்டுத் துறையாகவே வளர்ந்துள்ளது. அமெரிக்காவின் போட்லண்ட் நகரில் சின்னஞ்சிறு சைக்கிள்களுடன் வீதியில் நடனமாடிச் சைக்கிளுக்கு ஆள் சேர்த்த குழுவும் இருந்ததுண்டு.

பெண்களுக்கான சைக்கிள் போதாமற் போனபோது புதுக்கோட்டைப் பெண்கள் ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். பிறகு அதையே விரும்பவும் செய்தார்கள். இருக்கைக்கும் கைபிடிக்கும் இடையிலுள்ள கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமல்லவா? பின்னால் தண்ணீர்க் குடம். விளைபொருளை ஒரே நாளில் இரண்டு மூன்று ஊர்களில் விற்றுவிட்டுப் பொழுதோடு வீடு திரும்ப முடிந்தது. பஸ்ஸுக்காகக் காத்திருந்த நேரம் கையில் மிஞ்சியது. பீகாரில் 2006 முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு அரசு சைக்கிள் கொடுத்ததனால் அந்த வயதுப் பெண்பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் சேர்வது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியதாக ஆய்வாளர் பின்னர் கணக்கிட்டார்கள்.

எம்மில் வன்னியில் காடு வெட்டிக் கமம் செய்தவர்களுக்குச் சைக்கிளின் அருமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1990க்குப் பின் எரிபொருள் தடையிருந்த காலத்தில் வடக்கில் நெல் மூட்டை, விறகு, நோயாளி எல்லாமே சைக்கிளில்தான் போயின. 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் வீட்டை விட்டுப் புறப்பட்டபோது மிஞ்சிய சாமான்களை அதில்தான் கட்டித் தள்ளிக்கொண்டு போனார்கள். 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது நாடு முழுவதுமே சைக்கிளைத் தேடியது.

மலையில் கதை வேறு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அட்டன் பக்கத்து ஏற்றங்களில் கியர் இல்லாத சைக்கிளைத் தள்ளத்தான் முடியும். இதை மறைத்துப் பயனில்லை. எனினும் மலையைச் சுற்றி வெட்டப்பட்ட தோட்டப் பாதைகளில் சாய்வு குறைந்த துண்டுகள் பல உள்ளன. லயத்திலிருந்து பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்கும் கடைக்கும் உள்ள தூரத்தைப் பகலில் ஒருமுறை நடந்து பாருங்கள். எந்தத் துண்டில் ஏறலாம், எங்கே இறங்கித் தள்ள வேண்டும் என்பது தெரிந்துவிடும். தாழ்நிலத்தில் மீண்டும் காணி கிடைத்துப் போகிறவர்களுக்கோ இது அன்றாடத் தேவை.

பழகுவதற்குப் பிரட்டுக்களம் போதும். இரண்டு சைக்கிளும் ஒரு தப்பும் இருந்தால் ஆட்டம் தொடங்கலாம். முதலில் வட்டமாகச் சுற்றுங்கள். அடுத்து இருவர் எதிரெதிராக வந்து விலகிச் செல்லலாம். பிறகு சித்திரை வருடப் பிறப்பில் நடத்துவது போல மெதுவாக ஓட்டும் போட்டி. கடைசியாய் வருபவருக்கே வெற்றி. வேகமாகப் போனால் சைக்கிள் நிமிர்ந்து நிற்பது இலகு. மெதுவாகப் போகும்போது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே கைபிடியைச் சிறிது திருப்பித் திருப்பிச் சமன் செய்ய வேண்டும். இதில் தேறியவர் நெரிசலான கடைத்தெருவிலும் தடுமாற மாட்டார்.

சேலை முந்தானையை இடுப்பில் இறுகச் செருகுங்கள். சங்கிலிக்கு மூடி இல்லாத சைக்கிளில் ஏறாதீர்கள். இறக்கத்தில் பின் பிரேக்கை முதலில் மெல்லப் பிடித்துப் பின்பே முன் பிரேக்கைத் தொட வேண்டும். மழையில் நனைந்த பிரேக் கட்டை உடனே பிடிக்காது. ஆகவே மழை மாதங்களில் ஆட்டத்தைக் களத்தோடு நிறுத்திக்கொண்டு, பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போங்கள்.