ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்

"இன்னும் இரண்டு வருஷம். அப்புறம் ஊரோடு போய்விட வேண்டியதுதான்."

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் இந்தப் பேச்சைக் கேட்காத தமிழ் வீடு உண்டா? சொன்னவருக்குத் தலை நரைத்துவிட்டது. மகன் மராட்டியில் பேசிச் சிரிக்கிறான். அந்த இரண்டு வருஷம் மட்டும் இன்னும் முடிந்தபாடில்லை!

ஊருக்குத் திரும்புவது தவறல்ல. மும்பையிலேயே தங்கிவிடுவதும் தவறல்ல. எது என்று சொல்லாமலே காலத்தைக் கடத்துவதுதான் கையைக் கடிக்கிறது. நாம் முடிவு செய்யாததைச் சர்க்கார் விதிகள் நமக்காக முடிவு செய்துவிடுகின்றன.

தாராவியையே பாருங்கள். மறுசீரமைப்புக்காக 2024-ல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பிறகு, 2011-க்குள் வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி. அதற்கும் இரண்டரை லட்சம் கட்ட வேண்டும். "முப்பது வருஷமாக இங்கேதானய்யா இருக்கிறேன்" என்று வாயால் சொன்னால் போதாது. வாக்காளர் பட்டியலில் பெயர், கரண்ட் பில் என்று பழைய காகிதம் வேண்டும். "எப்படியும் போகப்போகிறோம், இங்கே எதற்குக் கார்டு?" என்று அன்று விட்டதை இன்று எங்கே போய்த் தேடுவது?

ஓட்டும் இப்படித்தான். ஊரில் வீடு கட்டியிருக்கிறோம், பெயர் அங்கேயே இருக்கட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 1950-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, சொந்த வீடு இருப்பதால் மட்டும் ஒருவர் அந்தத் தொகுதியில் வசிப்பவர் ஆகிவிட மாட்டார். இரண்டு இடத்தில் பெயர் வைத்துக்கொள்ளவும் கூடாது.

பிள்ளைகள் விஷயம்தான் மனதை உறுத்துவது. நான்காம் வகுப்பு இங்கே, ஏழாவது பாட்டி வீட்டில், பத்தாவது மறுபடியும் இங்கே என்று பந்தாடப்படும் குழந்தைகளைப் பார்க்கிறோம். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத மருத்துவ இட ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அங்கே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் இரண்டு வருஷம் மும்பைக்கு அழைத்து வந்தால் அந்த வாசல் அடைத்துவிடும். பையனைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

ஆபீஸ்களில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பெனி மாறும்போதெல்லாம் பி.எஃப். கணக்கை முடித்துப் பணத்தை எடுத்துக்கொண்டால், பென்ஷனுக்கு வேண்டிய பத்து வருஷ சர்வீஸ் சேரவே சேராது. புதிய கம்பெனிக்கு மாற்றிக்கொண்டால் பழைய சர்வீஸும் கூடச் சேரும்.

ஏன் இந்தத் தயக்கம்? பணக்கணக்கு மட்டும் காரணமல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. இங்கேயே தங்குகிறேன் என்றால் ஊரைக் கைவிட்டதாக ஒரு குற்றவுணர்வு. திரும்புகிறேன் என்றால், "மும்பையில் பிழைக்க முடியாமல் வந்துவிட்டான்" என்று பேசுவார்களே என்ற கூச்சம். ஊர் வாய்க்குப் பயந்தே பாதி ஆயுள் போய்விடுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு உட்காருங்கள். தண்ணீர் பிடிக்கிறதும் ரேஷனுக்கு நிற்கிறதும் பெரும்பாலும் அவர்தானே. அவர் பேச்சுக்குத்தான் முதலிடம். போவதானால் எந்த வருஷம் என்று குறியுங்கள். மூத்த பிள்ளை ஆறாவது போகுமுன் அது முடிவாகட்டும். மாற்றிக்கொள்ளக்கூடிய காரியங்களை உடனே செய்யலாம்: ஓட்டர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8 கொடுத்தால் போதும், பிறகு இடம் மாறினாலும் அதே படிவம்தான். ரூமை விற்பது, ஊர் நிலத்தை விற்பது இரண்டையும் மட்டும் அவசரப்படாமல் கடைசியில் வையுங்கள்.

இதையெல்லாம் மே மாத லீவுக்கு ஊருக்குப் போகுமுன்பே பேசி முடித்துவிடுவது நல்லது. அங்கே போனால் அண்ணன் ஒன்று சொல்வார், மச்சான் ஒன்று சொல்வார். ரயில் டிக்கெட் 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுகிறது. டிக்கெட் எடுத்த நாளிலிருந்து வண்டி ஏறும் வரை எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் கையில் இருக்கின்றன.